கடற்போர்ப் புனைகதையும் கரைத் தமிழும்: பாட்ரிக் ஓபிரையன் நாவல்களை முன்வைத்து

0. முன்னுரை

0.1. கொச்சியில் கட்டப்பெற்ற மூன்று போர்க்கப்பல்கள் ஆங்கிலேய அரசுக் கடற்படையில் பணிபுரிந்தன. 1821ஆம் ஆண்டில் ‘அலிகேட்டர்’, 1822ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘சமராங்’, அதே ஆண்டின் இறுதியில் ‘டெர்மகன்ட்’ ஆகியன இங்கு நீரில் இறக்கப்பட்டன. மூன்றும் இருபத்தெட்டுப் பீரங்கி தாங்கும் வகையின. தேக்கு மரத்தால் ஆனவை. இறுதியாகக் கூறப்பட்ட கப்பல் 1824இல் ‘ஹெரால்ட்’ எனப் பெயர் மாற்றம் பெற்று, பின்னாளில் பசிபிக் பெருங்கடலில் அளவைப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டது.

0.2. இவை ஆங்கில நாவலாசிரியர் பாட்ரிக் ஓபிரையன் தம் கடற்போர் நாவல்களில் படைத்துக் காட்டும் உலகத்தை ஒட்டிய காலத்தவை. இத்தகைய கப்பலுக்கு இருவகைச் சொற்றொகுதிகள் இருந்தன. ஒன்று, கட்டளையிட்ட அதிகாரிகளுடையது, அது ஆங்கிலம். மற்றொன்று, இக்கடல்களில் மரம் செதுக்கியோரும், கயிறு திரித்தோரும், பாய் ஏற்றியோரும் வழங்கியது. அதில் மலையாளமும் தமிழும் அரபும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் கலந்திருந்தன. ஓபிரையனின் நாவல்களைத் தமிழில் பெயர்க்க முற்படும் ஒருவர் இவ்விரண்டாம் தொகுதியைக் கருத்தில் கொள்ள வேண்டுமா, கொள்ளின் எந்த அளவிற்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

0.3. இக்கட்டுரையாளர் மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இந்நாவல் வரிசையின் சில பகுதிகளைப் பயிற்சிக்காகத் தமிழாக்கியபோது எழுந்த இடர்ப்பாடுகளே இதன் அடிப்படைத் தரவுகள். மட்டாஞ்சேரி கொச்சி அரசைச் சேர்ந்த வணிகத் துறை. அதை அடுத்த கோட்டைக் கொச்சியோ 1795இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாகிப் பின்னர்ச் சென்னை மாகாணத்தில் இணைந்திருந்தது. மலையாளம், கொங்கணி, குசராத்தி, கச்சி, தமிழ் முதலிய மொழிகளைப் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். கடல்வழிச் சொற்கள் ஒரு மொழிக்கு மட்டும் உரியன அல்ல என்பதை உணர்வதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

1. நாவல்களும் அவற்றின் மொழியும்

1.1. ஓபிரையன் (1914-2000) எழுதிய இவ்வரிசையின் முதல் நாவலான ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ 1969இலும், முற்றுப்பெற்ற இருபதாம் நாவலான ‘புளூ அட் தி மிஸன்’ 1999இலும் வெளிவந்தன. முடிவுறாத இருபத்தோராம் நாவல் அவர் மறைவுக்குப்பின் 2004இல் அச்சேறியது. கப்பல் தலைவர் ஜாக் ஆப்ரியும், மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஸ்டீபன் மட்டூரினும் இவற்றின் தலைமை மாந்தர். இத்துறையில் அவருக்கு முன்னோடி சி. எஸ். ஃபாரஸ்டர். அவருடைய ஹார்ன்பிளோயர் கதைகள் 1937 முதல் வெளிவந்தவை.

1.2. ஓபிரையனின் போர்க்காட்சிகள் பல வரலாற்று ஆவணங்களைத் தழுவியவை. முதல் நாவலின் உச்சப் போர், 1801 மே மாதத்தில் தாமஸ் காக்ரேன் தலைமையில் பதினான்கு பீரங்கி கொண்ட ‘ஸ்பீடி’ என்னும் சிறுகப்பல் முப்பத்திரண்டு பீரங்கி கொண்ட ‘எல் காமோ’ என்னும் இசுபானியக் கப்பலைக் கைப்பற்றிய நிகழ்ச்சியை அடியொற்றியது. எனினும் போர் விவரணையே இவருடைய தனிச்சிறப்பு எனக் கூறுதல் பொருந்தாது. போர் பெரும்பாலும் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னர்க் காற்றுக்கேற்பப் பாயைத் திருத்துவதும், கயிற்றைத் தளர்த்தி இறுக்குவதுமே பக்கம் பக்கமாக நிகழ்கின்றன. போரின் முடிவும் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே கப்பற்சொல் இந்நாவல்களில் அணியன்று. கதை நிகழ்ச்சியே சொல்லால் நடைபெறுகிறது. கட்டளை ஒரு சொல். அதை ஏற்றுக் கை இயங்குதல் ஒரு செயல். அதன் விளைவு வெற்றி அல்லது அழிவு.

1.3. பிறிதொரு கூறும் கருதத்தக்கது. மட்டூரின் கடலறியாதவர். முதல் நாவலில் பாய்மரங்களையும் கயிறுகளையும் ஒருவர் அவருக்கு விளக்கிக் காட்டும் பகுதி உண்டு. அவர் முழுதும் புரிந்துகொள்வதில்லை, வாசகரும் அவ்வாறே. ஆனால் சொல்பவருக்குத் தம் தொழில் தெரியும் என்ற நம்பிக்கை வாசகருக்கு உண்டாகிறது. எனவே புரியாமை இங்குக் குறையாகாமல் உத்தியாகின்றது. சொல்தோறும் விளக்கம் சேர்க்கும் மொழிபெயர்ப்பு இந்த உத்தியைக் கெடுத்துவிடும். அதே வேளையில், விளங்காத சொல்லும் ஓர் உண்மையான தொழிலின் சொல் என வாசகர் உணரவேண்டும். பொருளற்ற ஒலியாக அது நின்றுவிடலாகாது.

2. தமிழ் வாசகரின் முன்னறிவு

2.1. கடற்போர்ப் புனைகதை தமிழுக்குப் புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கப்பற்பயணத்தையும் புயலையும் பெருந்திரளான வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது. குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடற்போரையே மையமாகக் கொண்டது. அவருடைய ‘ஜலதீபம்’ மராத்தியக் கடற்றலைவர் கனோஜி ஆங்கரேயின் காலத்தைக் களமாகக் கொண்டது. மரக்கலம், பாய்மரம், சுக்கான், நங்கூரம், மாலுமி என்னும் சொற்கள் பொது வாசகரிடம் வேரூன்றியதற்கு இத்தகைய தொடர்கதைகளின் பங்கு பெரிது.

2.2. ஆயினும் இவற்றில் கப்பல் பெரும்பாலும் வீரம் நிகழும் மேடையாகவே அமைகின்றது. தலைவனின் வாளும் சூழ்ச்சியும் வெற்றி தருகின்றன. கயிறும் காற்றும் தருவதில்லை. ஆதலின் ஐந்தாறு சொற்களே அங்குப் போதுமாயின. ஓபிரையனுக்கு அவை போதா. தமிழ்க் கடற்போர்க் கதையின் நடையில் அவரைப் பெயர்த்தால் கதை மிஞ்சும், தொழில் மறையும்.

3. மூன்று வழிகளும் அவற்றின் குறைகளும்

3.1. முதல் வழி, பழந்தமிழ்ச் சொற்களை மீட்டெடுத்தல். நாவாய், வங்கம், கலம், மீகாமன் ஆகியவற்றோடு பாய்மரத்திற்குக் கூம்பு, பாய்க்கு இதை முதலியனவும் இலக்கியத்தில் உள்ளன. இவை செறிவும் பெருமிதமும் உடையன. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மும்மரக் கப்பலில் பாய் தைப்பவன் வாயில் இவை இயல்பாக ஒலியா. மேலும் ஒவ்வொரு பாயையும் ஒவ்வொரு கயிற்றையும் வேறுபடுத்தும் நுட்பம் இத்தொகுதியில் கிடைப்பதில்லை.

3.2. இரண்டாம் வழி, ஆங்கிலச் சொற்களை ஒலிபெயர்த்தல். பதவிப் பெயர்களிலும் கப்பற்பெயர்களிலும் இது தவிர்க்கவியலாதது. தொழிற்சொற்களில் இதனால் ஏற்படும் கேட்டிற்கு ‘ஷீட்’ என்பது தக்க சான்று. ஆங்கிலத்தில் விரிப்பையும் தாளையும் குறிக்கும் இச்சொல், கப்பலில் பாயின் கீழ்முனையைக் கட்டுப்படுத்தும் கயிற்றைக் குறிக்கும். ஒலிபெயர்த்தால் வாசகர் அதை வேறெதுவாகவோ கொள்வர். பெயர்த்தால் மொழிபெயர்ப்பாளரே பாய் எனத் தவறுவதற்கு இடமுண்டு.

3.3. மூன்றாம் வழி, கலைச்சொல்லாக்கம். ‘பாயுயர்த்திக் கயிறு’, ‘குறுக்குமரத் தாங்கி’ போன்றவற்றை உருவாக்குதல் எளிது. ஆனால் அவை விளக்கங்களே அன்றிக் கட்டளையில் பயன்படும் சொற்கள் அல்ல. புயலில் ஒருவன் உரத்துக் கூவவேண்டிய சொல் ஈரசையிலோ மூவசையிலோ முடியவேண்டும்.

4. நான்காம் வழி: கரைத் தமிழ்

4.1. பாயேற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், பாயைத் தாங்கும் குறுக்குமரத்திற்குப் பருமல் என்றும், மேலே கூறிய ‘ஷீட்’ என்னும் கயிற்றுக்குத் தாமான் என்றும் தமிழ்க் கடற்கரையில் பெயர்கள் உண்டு. பலகை இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பத்து. கப்பலின் முன்பகுதி அணியம். இது மலையாளக் கரையிலும் வழங்குகிறது. கடலாட்களின் தலைவன் தண்டல். அதே வகைப் பொறுப்பினன் சாரங்கு. இவற்றுள் பல சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் (1924-1936) இடம்பெற்றுள்ளன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ இத்துறையில் சுவடி மரபும் இருந்ததைக் காட்டுகின்றது.

4.2. புனைகதையிலும் இத்தொகுதி முற்றிலும் புறக்கணிக்கப்படவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) கடற்பயணத்தைத் தொழிலறிவோடு காட்டியது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ (2009) தூத்துக்குடித் தோணித் தொழிலின் சொற்கள் நிறைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அகராதியினும் இத்தகைய நாவல்கள் பயன் மிகுந்தவை. அகராதி சொல்லின் பொருளைத் தரும். நாவல் அச்சொல்லை யார், எப்போது, எவ்வாறு கூவினார் என்பதைத் தரும்.

4.3. தாமான் என்னும் சொல்லைச் சற்று விரிவாக நோக்கலாம். இது பாரசீகத்தில் ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் ‘தாமன்’ என்பதோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஆங்கில ‘ஷீட்’ என்பதும் பாயின் மூலையைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்ததே. இரு மரபுகளும் துணியின் ஓரத்தின் பெயரை அதனைப் பிடிக்கும் கயிற்றுக்கு வழங்கியுள்ளன. இங்குத் தாமான் என்று பெயர்ப்பது பொருளால் நிகர். உருவக வழியாலும் நிகர். ஒலியளவாலும் கட்டளைக்கு ஏற்றது.

4.4. இவை தமிழ்ச் சொற்கள் அல்ல என்னும் தடை எழலாம். சுக்கான் அரபு வழியது. மாலுமி அரபு ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. சாரங்கு பாரசீக வழியது. ஆனால் பல துறைமுகங்களைச் சேர்ந்தோர் ஒரே கப்பலில் ஏறிய சூழலில் கடற்சொல் அவ்வாறே உருவாகும். கப்பலாட்களாகிய லஸ்கர்களின் இக்கலப்பு மொழியைத் தாமஸ் ரோபக் 1811இல் அகராதியாகத் தொகுத்தார். அதன் திருத்திய பதிப்பை 1882இல் ஜார்ஜ் ஸ்மால் வெளியிட்டார். ஆங்கிலத்திற்கும் இதே நிலைதான். அதன் கடற்சொற்களில் டச்சு மொழியின் பங்கு பெரிது. கடற்சொல்லில் தூய்மையை நாடுவோர் கடலை விட்டுக் கரையேற வேண்டியவராவர்.

5. கரைத் தமிழ் போதாத இடங்கள்

5.1. இவ்வழி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. தொழிற்சொல்லில் துணைநிற்கும் இத்தொகுதி, காலக்கணக்கிலும் பதவியிலும் கைகொடுப்பதில்லை.

5.2. காலம். ஆங்கிலேயக் கப்பலில் ஒரு நாள் ஏழு காவற்பொழுதுகளாகப் பகுக்கப்பட்டது. ஐந்து நான்கு மணி நேரத்தன. மாலை நான்கு முதல் எட்டு வரை அமைந்த இரண்டு மட்டும் இரண்டு மணி நேரத்தன. இதைச் சாமம் எனப் பெயர்த்தல் பிழை. சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். காவற்பொழுதோ பத்து நாழிகை. ‘பாரா’ என்னும் வழக்குச் சொல்லே இதற்குப் பொருந்தும்.

5.3. மணியோசையில் இடர் மிகும். பாராவின் ஒவ்வோர் அரைமணிக்கும் ஓசை ஒன்று கூடும். முழுப் பாரா முடிகையில் எட்டு ஓசை. முற்பகற் பாராவில் ஆறு ஓசை எனில் பகல் பதினொன்று. இக்கட்டுரையாளர் தம் முதற்படியில் ‘ஆறு மணி அடித்தது’ என எழுதியிருந்தார். அதைப் படித்த மாணவர் ஒருவர், ஆறு மணிக்குச் சூரியன் எவ்வாறு உச்சியை நெருங்கியது என வினவினார். தமிழில் மணி என்பது ஒலிக்கும் பொருளையும் நேர அளவையும் ஒருங்கே குறிப்பதால் நேர்ந்த பிழை இது. ‘முற்பகற் பாராவின் ஆறாம் ஓசை’ என்பது ஓரளவு பொருந்துகிறது. முதன்முறை வரும் இடத்தில் உரையாடலோடு இயைத்து நேரத்தை உணர்த்திவிட்டால் பின்னர் விளக்கம் வேண்டா.

5.4. இதனோடு தொடர்புடைய சிலேடை ஒன்று ‘போஸ்ட் கேப்டன்’ (1972) நாவலில் வருகின்றது. மாலையில் வரும் குறும்பாராக்களுக்கு ஆங்கிலத்தில் நாயின் பெயர் அமைந்துள்ளது. அவை ஏன் அவ்வாறு அழைக்கப்படுகின்றன என்பதற்கு மட்டூரின் கூறும் விடை, ‘குறைக்கப்பட்ட’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலசை இழிந்த நாயைக் குறிப்பதை வைத்து அமைந்தது. மொழிபெயர்க்கவியலாதது எனத் தோன்றும் இவ்விடத்தில் தமிழ் எதிர்பாராத வகையில் துணைசெய்கிறது. ‘குறைத்ததால் நாய்ப் பாரா’ எனில், குறைத்தலும் குரைத்தலும் ஒருங்கே செவிப்படும். ரகர றகர வேறுபாடு பேச்சில் மங்கிய வட்டாரத்தார்க்கு இது முழுச் சிலேடை. அவ்வேறுபாட்டைப் பேணும் குமரி வட்டாரத்தார்க்கும் கேரளத் தமிழர்க்கும் இது ஒலியணுக்கம் மட்டுமே. ஆங்கிலச் சிலேடையும் வலிந்து கூறியதுதான். ஆதலின் இழப்புச் சிறிதே.

5.5. பதவி. முதல் நாவலின் தலைப்பே சான்று. ‘தலைவனும் தளபதியும்’ எனப் பெயர்த்தால் இருவரைக் குறிக்கும். ஆப்ரியும் மட்டூரினும் போலும் என வாசகர் எண்ணுவர். உண்மையில் அது ஒருவருக்குரிய ஒரே பதவி. முழுநிலைக் கப்பித்தானுக்கு உரியதல்லாத சிறுகப்பலை நடத்துபவர், வழிசெலுத்தும் ‘மாஸ்டர்’ என்பவரின் பொறுப்பையும் தாமே ஏற்றமையால் வந்த பெயர் அது. அரபு முஅல்லிம் கடல்வழக்கில் குறித்தது ஏறத்தாழ அந்த மாஸ்டரையே. ஆனால் தமிழில் மாலுமி பொருள் விரிந்து கப்பலாள் எவரையும் குறிக்கலாயிற்று. சொல்லின் வரலாறு பொருந்தினும் இன்றைய வழக்குப் பொருந்தாத இத்தகைய இடங்களில் வழக்கிற்கே முதன்மை தரவேண்டும். தலைப்பை ஒலிபெயர்ப்பாகவே விட்டு, பதவியின் இயல்பைக் கதையினுள் விளங்கவைத்தல் நன்று.

6. திரும்பி வரும் சொற்கள்

6.1. தென்னிந்தியக் கரையிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்கள் மீண்டும் தமிழுக்கு வரும்போது தனிவகைச் சிக்கல் எழுகிறது. தேக்கு போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. இது பொருள் மாறாமல் திரும்புகிறது. ‘காயர்’ அவ்வாறன்று. அது கயிறு என்பதோடு உறவுடையதேனும் ஆங்கிலத்தில் தென்னை நாரை மட்டும் குறிக்கும். தமிழில் கயிறு எந்நாராலும் ஆகலாம். எனவே ‘கயிற்று வடம்’ என்பது கூறியது கூறல். ‘தென்னைநார் வடம்’ என்பதே சரி.

6.2. ‘கட்டமரன்’ இன்னும் ஏமாற்றக்கூடியது. தமிழில் அது மரங்களைப் பிணைத்த மிதவை. இன்றைய ஆங்கிலத்தில் இணை உடலுடைய படகு. இவை தவிர மூன்றாம் பொருளும் உண்டு. 1804 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் மீது ஆங்கிலேயர் ஏவிய, இராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதக்கும் வெடிகலங்களுக்கும் அப்பெயரே வழங்கியது. அக்காலக் கதையில் இச்சொல்லைக் காணும் தமிழர், தம் சொல் என்னும் உரிமையால் கட்டுமரம் என எழுதிவிட்டால் போரின் பொருளே மாறிப்போகும்.

7. மூலத்திற்கு உண்மையும் வரலாற்றிற்கு உண்மையும்

7.1. இதுகாறும் கூறியவை நுட்பச் சிக்கல்கள். இதனினும் ஆழமான வினா ஒன்று எஞ்சுகின்றது. ‘எச்.எம்.எஸ். சர்ப்ரைஸ்’ (1973) நாவலின் கதை இந்தியப் பெருங்கடலுக்கு வருகின்றது. 1804 பிப்ரவரியில் புலோ ஆவூர் அருகே, நத்தேனியல் டான்ஸ் தலைமையில் சென்ற கம்பெனியின் சீன வணிகக் கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி லினுவாவின் படையை எதிர்கொண்ட நிகழ்ச்சி இதன் போர்ப்பகுதிக்கு அடிப்படை. பம்பாய்ப் பகுதியில் மட்டூரினுக்கும் தில் என்னும் ஏழைச் சிறுமிக்கும் உண்டாகும் அன்பும், அவர் அளித்த வெள்ளி வளையல்களுக்காகவே அவள் கொல்லப்படுவதும் இவ்வரிசையின் மிக உருக்கமான பக்கங்களுள் அடங்கும்.

7.2. அச்சிறுமிக்கு ஆசிரியர் பேச்சும் அறிவும் நகையும் வழங்கியுள்ளார். ஆனால் கப்பற்றொழிலைப் பொறுத்தவரை இந்தியர் அத்தகைய குரலைப் பெறுவதில்லை. ஆங்கிலக் கப்பலாளின் வட்டார வழக்கைச் செவியாரக் கேட்டு எழுதிய ஆசிரியர், தம் கப்பல்கள் இக்கடலில் மிதக்கும்போது அவற்றைச் சூழ்ந்திருந்த மற்றொரு கப்பல்மொழியை ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். இதைக் குற்றமாகக் கொள்ளாமல் எல்லையாகக் கொள்ளலாம். அவர் எழுதியது ஆங்கிலேயக் கப்பலின் உள்ளிருந்து. அமிதவ் கோஷ் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ (2008) நாவலில் லஸ்கர் சொற்களை ஆங்கிலத்தினுள் விளக்கமின்றிப் பெய்து எழுதியபோது, விடுபட்ட அக்குரல் ஆங்கிலப் புனைகதைக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

7.3. இந்நிலையில் ஓபிரையனின் நாவலை ஆஞ்சான், தாமான், பருமல் என்று தமிழாக்குவது, அவர் வைக்காத குரலை அவர் நூலில் வைப்பதாகாதா? இவ்வையம் நியாயமானதே. வடகடலில் பிறந்த ஆங்கிலேயன் வாயில் தூத்துக்குடித் தண்டலின் சொல் வருவது முதலில் உறுத்தும். ஆனால் அவன் வாயில் தமிழ் வருவதையே ஏற்றுக்கொண்ட வாசகர், எந்தத் தமிழ் என்பதில் மட்டும் தயங்குவது ஏன்? மேடைத் தமிழும் அகராதித் தமிழும் இடச்சார்பற்றவை என நாம் கருதிப் பழகிவிட்டோம். அவையும் ஒரு சாராரின் தமிழே. ஓபிரையன் தம் கப்பலாட்களுக்குத் தொழிலாளரின் சொல்லைக் கொடுத்தார். அதற்கு நிகர் தமிழில் தொழிலாளரின் சொல்லாகவே இருக்கமுடியும். எனவே கரைத் தமிழைக் கையாளுதல் வரலாற்றிற்கு மட்டுமன்றி மூலத்தின் நடைக்கும் உண்மையாவதாகும்.

7.4. ஆனால் இந்த உரிமைக்கு வரம்பு வேண்டும். கயிறு, பாய், மரம், வேலை ஆகியவற்றில் கரைச் சொல். பதவியிலும் கடற்படை நடைமுறையிலும் ஒலிபெயர்ப்பு அல்லது எளிய விளக்கம். எழுத்தாளர் கூற்றாக வரும் வருணனையில் பொதுத் தமிழ் என வகுத்துக்கொள்ளலாம். ஆப்ரியைச் சாரங்கு எனவோ, கப்பலின் தலைமை அதிகாரியைத் தண்டல் எனவோ எழுதினால் அது சமூகப் படிநிலையைத் திரிப்பதாகும். அப்படிநிலையே இந்நாவல்களின் உட்பொருள்களுள் ஒன்று.

8. முடிவுரை

8.1. கடற்போர் நாவலை மொழிபெயர்க்கத் தொடங்குபவர் போர்ச்சொற்களைத் தேடுவது இயல்பு. ஓபிரையனைப் பொறுத்தவரை தேடவேண்டியவை வேலைச் சொற்கள். அவை தமிழில் உள்ளன. அச்சில் குறைவாகவும் கரையில் மிகுதியாகவும் உள்ளன. ஆனால் அவற்றை ஆண்ட பாய்க்கப்பல்களின் இடத்தை இயந்திரக் கலங்கள் பிடித்தபின், பாயோடு பிறந்த சொல் பாயின்றி நெடுநாள் நில்லாது. சொல்லறிந்த முதியோரிடமிருந்து படத்தோடும் வாக்கியத்தோடும் கட்டளைத் தொனியோடும் அவற்றைப் பதிவுசெய்தல் மொழியியலார் செய்யவேண்டிய உடனடிப் பணி. தமிழ்க் கரையோடு மலையாளக் கரையையும் சேர்த்தே இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும்; அணியம் என்னும் சொல்லுக்கு மாநில எல்லை கிடையாது.

8.2. கொச்சித் தேக்கில் உருவான மூன்று கப்பல்களும் ஆங்கிலப் பெயர் தாங்கிச் சென்றன. அவற்றைக் கட்டியவர் வழங்கிய சொற்கள் அவற்றோடு செல்லவில்லை, கரையிலேயே தங்கின. அத்தகைய கப்பல்களைப் பற்றிய நாவலொன்று தமிழுக்கு வரும்போது, தங்கிய சொற்களை அதற்கு அளிப்பது மொழிபெயர்ப்பாளர் செய்யும் சலுகையன்று. மூலத்தை உள்ளவாறு படித்ததன் விளைவே அது.